நாய் திறக்காத மூடி

அகிலாண்டம் தட்டிப் பார்த்தாள். பூசணிக்காயையே நாலு தட்டுத் தட்டிப் பார்த்து வாங்குகிறவள், குப்பைத் தொட்டியைச் சும்மா விடுவாளா? சாம்பல் நிறத் தொட்டி தொம் என்றது. பக்கத்தில் நின்ற பச்சைத் தொட்டி டொக் என்றது. தொம் நல்லதா, டொக் நல்லதா? யார் கண்டது. இத்தனை வயசுக்குக் காசு கொடுத்துக் குப்பைத் தொட்டி வாங்கினவளா அவள்? ஓட்டை விழுந்த வாளி, வாய் உடைந்த குடம், வெள்ளையடித்து மிச்சமான பெயின்ட் வாளி, எது வீட்டுக்குள் புழங்க லாயக்கில்லையோ அது குப்பைக்கு. ஊர் உலகத்தில் அப்படித்தான் நடக்கிறது. அவள் மட்டும் என்னமோ மகளுக்குச் சீர் வாங்க வந்தவள் மாதிரி, மத்தியான வெயிலில் பஸ் ஏறி வந்து, திருச்சி பெரியகடை வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, இதைவிடக் கெட்டியா இருக்கா, இதைவிடக் கெட்டியா இருக்கா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். "வீட்டுக்குள்ள வைக்கவாம்மா, வெளியில வைக்கவா?" என்றார் கடைக்காரர். நெற்றி நிறைய விபூதி, காதில் பேனா. "வெளியில. வாசல்ல. தோட்டக் குப்பை போடத்தான். முருங்கை இலை, மாவிலை, தேங்காய் மட்டை. வீட்டுக் குப்பையும் கொஞ்சம். காய்கறித் தோல், முட்டை ஓடு..." முட்டை ஓடு எதற்கு வந்தது? அவர்கள் வீட்டில் முட்டையே சேர்ப்பதில்லையே. ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை வருகிறது வாயிலிருந்து, அதுவும் பொய்யாக. இப்போதெல்லாம் அப்படித்தான் ஆகிவிட்டது. "மூடி நல்லா இறுகுமா?" "இறுகும்மா." "நாய் திறக்குமா?" "மனுஷன் திறக்கவே மல்லுக்கட்டணும்." "இல்ல, ரெண்டு மூணு நாய் சேர்ந்து வந்தா? தள்ளி விட்டுட்டா?" அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். மாவிலை தின்கிற நாயை அவர் எங்கே கண்டிருப்பார். அகிலாண்டத்துக்குக் காது மடல் சுட்டது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பச்சைத் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

உள்ளே இருட்டு. புது பிளாஸ்டிக் வாடை. அந்த இருட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிடலாம் போலிருந்தது. வெள்ளிக்கிழமை காலையை நினைக்கக் கூடாது என்றுதான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழியெல்லாம் கடைப் பெயராகப் படித்துக்கொண்டு வந்தாள். மனசு கேட்கிறதா, வாயில் புண் இருக்கிற இடத்துக்கே நாக்கு போகிற மாதிரி அங்கேதான் போய் நிற்கிறது. பால் பாக்கெட் எடுக்கத்தான் கேட்டைத் திறந்தாள். பெயின்ட் வாளி சாய்ந்து கிடந்தது. மூடி மேல் வைத்த செங்கல் சாக்கடை ஓரம் கிடந்தது. வாளியிலிருந்து நடுத்தெரு வரைக்கும், அய்யோ, கட்டி வைத்த மஞ்சள் பையைக் கிழித்து, உள்ளே இருந்ததையெல்லாம் நாய்கள் இழுத்துப் போட்டிருந்தன. வெள்ளை வெள்ளையாக, ஊறி உப்பிப்போன டயாப்பர்கள். கைக்குழந்தைக்குப் போடுகிறது இல்லை, பெரிய ஆளுக்குப் போடுகிறது. ஒரு செவலை நாய் அதில் ஒன்றைக் கவ்விக்கொண்டு எலியை உதறுகிற மாதிரி உதறிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டுச் சவரிமுத்து அண்ணன் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிற இடத்துக்கு நேர் எதிரே. அவருடைய மருமகள் ரெஜினா கையில் விளக்குமாறோடு வாசலில் நின்றாள். கோடி வீட்டு ராஜலட்சுமி வாக்கிங் முடித்து வந்துகொண்டிருந்தாள். "கண்றாவி! யார் வீட்டுக் கூத்து இது?" என்று மூக்கைப் பொத்தினாள். பொத்தினவள் பொத்தினபடி போகவேண்டியதுதானே? குனிந்து கிழிந்த பையைப் பார்த்தாள். சத்தம் போட்டு வேறு படித்தாள்: "வினோதினி, ராஜ்மோகன் திருமண விழா. தங்கள் நல்வரவை விரும்பும்..." அதற்குக் கீழே அவள் புருஷன் பெயரும் அவள் பெயரும் ஜோடியாக இருக்கும், ரோஸ் கலரில், இரண்டு பக்கமும் பூப்போட்டு. மகள் கல்யாணத்துத் தாம்பூலப் பை. குறைஞ்சா அசிங்கம், மிஞ்சினா என்ன என்று வினோதினி அப்பா கூடுதலாக அடிக்கச் சொன்னதில் கட்டுக் கட்டாக மிஞ்சிப் பரணில் கிடந்தது. பிளாஸ்டிக் கவர் என்றால் உள்ளே இருப்பது தெரியும், சரசரவென்று ஊரைக் கூட்டும். துணிப் பைதான் கமுக்கம் என்று கண்டுபிடித்தவளே அகிலாண்டம்தான். பெயர் தெரியாமலிருக்க உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் கட்டுவாள், ஒரு நாள் தவறினதில்லை. வியாழக்கிழமை பையைத் திருப்பப் போகும்போது பாத்ரூமிலிருந்து அவர் கூப்பிட்டார். அப்படியே கட்டிப் போட்டுவிட்டு ஓடினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வந்தவள், காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கவில்லை. "ஏன் அகிலாண்டம், இது உங்க வீட்டுப் பையாச்சே?" என்றாள் ராஜலட்சுமி.

அப்போதே குனிந்து அள்ளியிருக்கலாம். ஆமாம், அவருக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து இப்படி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வானமா இடிந்து விழுந்திருக்கும்? ஆனால் வாய் இருக்கிறதே வாய், அது அவளைக் கேட்டுக்கொண்டா திறக்கிறது. "அந்தப் பை தெருவுல யார் வீட்டுலதான் இல்ல? எல்லாருக்கும்தானே தாம்பூலம் குடுத்தோம். எங்க வீட்டுது இல்ல" என்றது. அதோடு நின்றதா? நிற்கவில்லையே. "எங்க வீட்டுல யாரு இருக்கா, இதெல்லாம் போட?" என்றது. எங்க வீட்டுல யாரு இருக்கா. தெருப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் கட்டிலில் அவர், நடுவில் ஒரு துணித் திரை. யாரு இருக்கா. பெற்ற மகளுக்குக்கூடத் தெரியக் கூடாது அகிலா என்று அவர்தானே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், அவர் மானத்துக்காகத்தானே சொன்னேன் என்று வெள்ளிக்கிழமையிலிருந்து தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறாள். வக்கீல் எடுபடவில்லை. அவர் மானம் அந்த நிமிஷம் அவளுக்கு ஞாபகத்திலேயே இல்லை. ராஜலட்சுமி மூக்கைப் பொத்தினாள், அந்த மூக்கு தன் பக்கம் திரும்பிவிடக் கூடாது, அவ்வளவுதான். அவள் சொன்னதும் தெருவில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். எல்லார் வீட்டிலும் அந்தப் பை இருக்கிறது, எல்லார் வீட்டுக் கேட்டும் திறந்திருக்கிறது. அப்போது சவரிமுத்து அண்ணன் பேப்பரை மடித்தார். மெதுவாக, நாலாக மடித்தார். "எங்க வீட்டுதும்மா. என்னோடதுதான். ரெஜினா, அள்ளிப் போடு" என்றார். ரயில்வேயில் கார்டாக இருந்து கொடியசைத்த மனுஷர், இன்றைக்கும் சைக்கிளில் பொன்மலை சந்தைக்குப் போய்க் கறிகாய் வாங்கி வருகிறவர். ரெஜினா தன் மாமனாரைப் பார்த்தாள். பிறகு அகிலாண்டத்தைப் பார்த்தாள், ஒரே ஒரு தடவை. அப்புறம் முறத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஒவ்வொன்றாக அள்ளினாள். விளக்குமாற்றுக்கு அகப்படாமல் நழுவின ஒன்றைக் கையாலேயே எடுத்துப் போட்டாள். அகிலாண்டம் பால் பாக்கெட்டோடு நின்றாள். நின்றுவிட்டு உள்ளே போய்ப் பால் காய்ச்சினாள்.

"அம்மா, இதைப் பாருங்க" என்று கடைக்காரர் நீல நிற டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். வாயைச் சுற்றி இரும்பு வளையம், அதைப் பூட்டுகிற கொக்கி. "மழையோ வெயிலோ, பத்து வருஷத்துக்கு அசையாது. ஆனா ஒவ்வொரு தடவையும் வளையத்தைக் கழட்டி மாட்டணும். ஐயா செய்வாரா, நீங்கதானா?" "ஐயா... அவங்க வெளியில வரமாட்டாங்க. அவங்களுக்குக் கால்ல..." பார், இப்போது காலில் ஒரு வியாதியை ஒட்டவைத்தாயிற்று. நல்லவேளை கடைக்காரர் அதைக் கேட்கவில்லை, பச்சைத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறியே நின்று காட்டினார். தொந்தியும் அவருமாகத் தொட்டி மேல் நிற்கிறதைப் பார்த்தால் வேறு நாளாக இருந்தால் அகிலாண்டம் சிரித்திருப்பாள். வினோதினி அப்பாவும் இப்படித்தான் ஸ்டூல் மேல் ஏறி நின்றார், தெருக்கோடிச் சுவரில். போகிறவன் வருகிறவன் எல்லாம் அந்தச் சுவரில்தான் நின்று பெய்துவிட்டுப் போவான். மனு கொடுத்துப் பார்த்தார்கள், இங்கே அசுத்தம் செய்யாதே என்று எழுதிப் பார்த்தார்கள், எழுத்தின் மேலேயே பெய்தார்கள். வினோதினி அப்பாதான் சாமி படம் போட்ட டைல்ஸ் வாங்கி வந்து, பிள்ளையார், மாதா, மசூதி எல்லாவற்றையும் வரிசையாகச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். "அடக்க முடியாதவன் எல்லாம் மனுஷனா? மாடுகூட இடம் பாக்கும்" என்று ஸ்டூல் மேல் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். சவரிமுத்து அண்ணன்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். வினோதினி அப்பாவுக்கு ஆலையில் போர்மேனாக இருந்த குரல், அப்படித்தான் இருக்கும். ஆபரேஷன் முடிந்து மூத்திர ட்யூபை எடுத்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே நனைந்தார். குனிந்து பார்த்தார், தன்னுடையதா என்றே தெரியாதவர் மாதிரி. அந்தப் பேச்சை அவளும் மறக்கவில்லை, அவரும் மறக்கவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசினதில்லை.

சில மாசத்தில் சரியாகிவிடும், சொல்லித் தருகிற பயிற்சியைச் செய்யணும், தண்ணியை மட்டும் குறைக்கக் கூடாது, நிறையக் குடிக்கணும் என்றார் டாக்டர். குடித்துக்கொண்டுதான் இருந்தார், வெள்ளிக்கிழமை வரைக்கும். அன்றைக்குக் காபி கொண்டுபோனாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். "வேண்டாம்." "ஏன்?" "வேண்டாம்." கேட்டுச்சா என்று அவள் கேட்கவில்லை, கேட்டுச்சு என்று அவரும் சொல்லவில்லை. தண்ணி கொடுத்தாள், தாகமில்ல என்றார். சாயங்காலமும் தாகமில்லை. சனிக்கிழமை இருமல் மாத்திரைக்கு ஒரு வாய் நனைத்துக்கொண்டார், அவ்வளவுதான். சொம்பு கட்டிலடியில் வைத்தது வைத்தபடி. உதடு வெடித்து வெள்ளையாகிவிட்டது. பேசினால் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு சத்தம் வருகிறது. நேற்று அவளைக் கூப்பிட்டு, "பாரு, காலையிலேர்ந்து ஒண்ணுகூட மாத்தல" என்றார். அதில் ஒரு பெருமை. பரீட்சையில் பாஸான பிள்ளை மார்க்கைக் காட்டுகிற மாதிரி. என்னங்க, இப்படித் தண்ணியில்லாம கிடந்தா என்னத்துக்காகும் என்று அழமாட்டாக் குறையாகச் சொன்னாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "குப்பை குறையுமில்ல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். உபகாரம் செய்கிறவர் மாதிரிச் சொன்னார். அதனால்தான் இன்றைக்கு மத்தியானம் கஞ்சியை வைத்துவிட்டு, தண்ணிச் சொம்பைக் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, பஸ் ஏறினாள். நல்ல தொட்டியாக ஒன்று வாங்கி, நாய் திறக்க முடியாத தொட்டியாக வாங்கி, அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துவிட்டால், இனிமேல் தெருவுக்கு வராதுங்க, நீங்க பாட்டுக்குக் குடிங்க என்று சொல்லலாம் என்று. அதுதான் அவள் போட்ட கணக்கு. தொட்டி மேலிருந்து இறங்கின கடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு, "போதுமாம்மா?" என்றார். போதுமா? மூடி நாய்க்குப் போதும்.

அவளுக்குத்தான் எதுவும் போதவில்லை. தண்ணி குடிக்காதவரை நினைத்தால் உடனே அந்த நாற்காலியும் கூடவே வந்து நிற்கிறது. எதிர் வீட்டு வாசலில் சவரிமுத்து அண்ணனின் ஒயர் நாற்காலி. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அதில் ஆள் இல்லை. சனிக்கிழமை காக்கா உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ரெஜினா மட்டும் போய்விட்டு வந்தாள். ராஜலட்சுமி அவளை வழிமறித்து, "மாமனாருக்கு எப்படிம்மா இருக்கு? பாவம், கம்பீரமா இருந்த மனுஷன். நீ சின்ன வயசுல இதையெல்லாம் அள்ளவேண்டியிருக்கே" என்று உச்சுக் கொட்டினது அகிலாண்டம் வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்டது. ரெஜினா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள். ஒரு மனுஷன் தானாகவே தலையைக் கொடுத்தார், கொடுக்கட்டுமே என்று அகிலாண்டம் விட்டுவிட்டாள். அதுதான் நெஞ்சில் முள். அவருக்கு எப்படித் தெரியும்? மூடி மூடி வைத்தேனே. மருந்துக் கடைகூட நம்ம ஏரியாவில் இல்லை, உறையூர் வரைக்கும் போய் வாங்கினாள். யாருக்கும்மா என்று கேட்டவனிடம் மாமியாருக்கு என்றாள். மாமியார் செத்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, உயிரோடு இருந்தவரைக்கும் சிங்கம் மாதிரி நடமாடின பொம்பளை, செத்தபிறகு மருமகள் புண்ணியத்தில் அவளுக்கு மாசாமாசம் டயாப்பர். அடுத்த தடவை போனபோது, "பாட்டி எப்படி இருக்காங்க?" என்று அவன் அக்கறையாக விசாரித்தான். "இருக்காங்க" என்றாள். செத்தவளை இருக்கிறாள் என்றவள்தான், இருக்கிறவரை யாரு இருக்கா என்றாள். சவரிமுத்து அண்ணனுக்குத் தெரியாமலா போகும்? தினம் காலையில் கேட்டருகே நின்று பேப்பரை வைத்து அவரோடு மல்லுக்கு நிற்கிற சிநேகிதர் மாசக்கணக்கில் வெளியே வரவில்லை. ஏன் என்று ஒரு நாள் கேட்டதில்லை. படித்து முடித்த பேப்பரை ரெஜினாவிடம் கொடுத்துவிடுவார், ஓரத்தில் பேனாவால் 'இதுக்கு என்ன சொல்றீங்க?' என்று எழுதி. இந்த மூன்று நாளாகப் பேப்பரும் வரவில்லை.

"பச்சையே குடுங்க" என்றாள். பேரம் பேசக்கூட நினைவு வரவில்லை, கடைக்காரருக்கே ஏமாற்றமாக இருந்திருக்கும். "பேர் போட்டுத் தரட்டுமாம்மா? வெளியில வைக்கிற சாமான், இல்லேன்னா மாறிப்போயிரும்" என்றார். கடை வாசலில் எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு குத்துவிளக்கு. அகிலாண்டம் பதறிப்போனாள். "பேரா? வேண்டாம் வேண்டாம். பேரெல்லாம் வேண்டாம்." பேர் போட்ட பை ஒன்று சந்தி சிரிக்க வைத்தது போதாதா? தொட்டிக்கு வேறு பேரா? கையை வீசி வேண்டாம் என்றவள், வீசின கையைப் பார்த்தாள். ரெஜினாவின் கை ஞாபகம் வந்தது. நழுவினதை எடுத்த கை. மோதிரம் போட்ட கை. பேர் இல்லாத தொட்டி, பெரிய மூடி, நாய் திறக்காது, ராஜலட்சுமி மூக்கைப் பொத்தமாட்டாள். அப்புறம்? எதிர் வீட்டு நாற்காலி காலியாகவே கிடக்கும். வீட்டுக்குள் அவர் குப்பையைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் ஒன்றுமே போடாமல் படுத்துவிடுவார், தொட்டி மட்டும் வாசலில் பத்து வருஷத்துக்கு அசையாமல் நிற்கும். இத்தனை நேரம் வெட்கமாகத்தான் இருந்தது, இப்போதுதான் பயம் வந்தது. "போடுங்க" என்றாள். "என்ன?" "பேர். பேர் போடுங்க. அழியாத மாதிரி." பிளாஸ்டிக்குக்கு வெட்ட முடியாது, சூட்டுக் கம்பியால் எழுதினால் ஜென்மத்துக்கும் அழியாது என்றார் பேர் வெட்டுகிறவர். டிவி ரிப்பேர்காரர் ஈயம் வைக்கிற மாதிரிக் கரண்ட் கம்பி ஒன்றைச் செருகிச் சூடேற்றினார். "சொல்லுங்கம்மா, என்ன பேர்?"

அவள் அவர் பேரைச் சொன்னதே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னங்க, வீட்டுக்குள் அவங்க, வெளியில் வினோதினி அப்பா. ஆஸ்பத்திரியில் பேஷன்ட் பேர் என்னம்மா என்று நர்ஸ் அவசரமாகக் கேட்டபோதுகூடப் பைலைத் தூக்கிக் காட்டினாள். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது. அடி பைத்தியக்காரி, பேரைச் சொன்னால் குறைகிற ஆயுசு, யாரு இருக்கா என்று நடுத்தெருவில் கேட்டாயே, அதில் குறையவில்லையா? கம்பியிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. பேர் வெட்டுகிறவர் காத்துக்கொண்டிருந்தார். "தாயுமானவன்" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். "தாயுமானவன். பக்கத்துல அகிலாண்டம்னு போடுங்க. ரெண்டு பேரும்." "குப்பைத் தொட்டிக்கு ஜோடிப் பேரா?" என்று கடைக்காரர் சிரித்தார். "குத்துவிளக்குக்கு, அண்டாவுக்குப் போட்டுக் குடுத்திருக்கோம். இது புதுசா இருக்கே." "இருக்கட்டும். பெருசா போடுங்க. தெருவுல நின்னா தெரியணும்" என்றாள். பிளாஸ்டிக் உருகுகிற நாற்றத்தில் எழுத்து ஒவ்வொன்றாக எழும்பிற்று. தா. யு. மா. அந்தத் துணை எழுத்தைப் போட அவர் கம்பியைச் சாய்த்த இடத்தில் அவளுக்குக் கண் கரித்தது, புகையினாலும் இருக்கலாம்.

ஆட்டோவில் தொட்டி அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்து வந்தது. பாலம் ஏறும்போது சாய்ந்தது, பிடித்துக்கொண்டாள். பயம் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏறி ஏறி உட்கார்ந்தது. யாருக்கும் தெரியக் கூடாது என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றுதான், அவர் அவளிடம் அப்படிக் கேட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான். அதை இவள் எழுத்தில் பொறித்துக்கொண்டு போகிறாள். பார்த்ததும் என்ன செய்வார்? கத்தினால் பரவாயில்லை. கத்தமாட்டார், சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார். திரும்பிவிடலாமா, கத்தியால் சுரண்டினால் போகாதா? ஜென்மத்துக்கும் போகாது என்றாரே. வண்டியை நிறுத்தச் சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தாள். தெரு வந்துவிட்டது. தெருக்கோடிச் சுவரில் பிள்ளையாரும் மாதாவும் வரிசையாக அவளைப் பார்த்தார்கள். ஆட்டோக்காரர் தொட்டியை இறக்கிக் கேட்டருகே வைத்தார், பேர் தெருவைப் பார்த்த மாதிரி, யாரோ சொல்லிவைத்தது போல. இனிமேல் அது அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

அவள் தன் வீட்டுக் கேட்டைத் திறக்கவில்லை. கால் எதிர் வீட்டுக்குப் போயிற்று. ரெஜினா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் எங்க?" "மாமா படுத்திருக்காங்கக்கா." "எழுந்திரிக்கச் சொல்லு." "என்னக்கா?" "சொல்லேன்." சவரிமுத்து அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார், காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாடி மழிக்கவில்லை. மெதுவாகச் சொல்லணும் என்றுதான் வந்தாள். வந்த சத்தம் மெதுவாக இல்லை. "அண்ணே, வெள்ளிக்கிழமை தெருவுல கிடந்தது எங்க வீட்டுது. அவருக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் நிக்கமாட்டேங்குது. நான்தான் இல்லேன்னு பொய் சொன்னேன். உங்களைத் தலைகுனிய வச்சேன்." "அக்கா, மெதுவா" என்று ரெஜினா பதறினாள். கோடி வீட்டுக் கேட்டு கிரீச்சென்றது. கிரீச்சிடட்டும், வந்து நன்றாகக் கேட்கட்டும். அகிலாண்டம் ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், மோதிரம் போட்ட அந்தக் கையை. "உன் கையால அள்ளவச்சேனே, பாவி நான்." "அட, சோப்புப் போட்டுக் கழுவினாப் போச்சு. விடுங்கக்கா" என்றாள் ரெஜினா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. சவரிமுத்து அண்ணன் நாற்காலியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். தெருவைத் தாண்டி அந்தப் பச்சைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேரு போட்டிருக்கு?" என்றார் கண்ணைச் சுருக்கி. "ஆமாண்ணே." "ரெண்டு பேரு பேருமா? கல்யாணப் பத்திரிகை கெட்டுது, போ." நாற்காலியை ஜன்னல் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டு, மெதுவாக அதில் உட்கார்ந்தார். ரயில் போகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டையை எடுத்து, அவளுக்குச் சொல்லாமல் அந்த ஜன்னலுக்குச் சொன்னார்: "வயசானா எந்த வீட்டுக் குழாய்தான் ஒழுகாம இருக்கு? எனக்கும் இருமினா ஒரு சொட்டு வருது. இதுக்குப் போயி ஒரு மனுஷன் பேப்பர் படிக்க வரமாட்டேன்னா, நான் யாருகூடச் சண்டை போடுறது?"

அகிலாண்டம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் திரைதான் தெரியும், அந்தத் திரை அசையாமல் இருந்தால் என்ன செய்வது? தெருவைக் கடந்து வந்தாள். தொட்டியைத் தள்ளி, பேர் ஜன்னலிலிருந்தும் தெரிகிற மாதிரிச் சுவரோரம் திருப்பி வைத்தாள், மூடியைச் சும்மா ஒரு தரம் திறந்து இறுக்கினாள். டொக். உள்ளே கட்டில் முனகிற்று. காலடிச் சத்தமா, இல்லை அவள் நெஞ்சடிக்கிற சத்தமா? திரை ஒரு ஓரமாக விலகிற்று. வெடித்த உதடு, குழி விழுந்த கண், தொட்டியின் மேலிருக்கிற எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு அந்த முகம் அப்படியே நின்றது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அகிலா" என்றார். நாக்கு ஒட்டிக்கொண்டு பாதிதான் வந்தது. "அதை நிழல்ல தள்ளி வை. வெயில்ல வெடிச்சிரும்." "சரிங்க." தள்ளி வைத்தாள். "உள்ள வரும்போது," என்று சொல்லி, மூச்சை இழுத்துக்கொண்டு, போர்மேன் குரலில் முக்கால்வாசியைத் தேடி எடுத்துச் சொன்னார், "ஒரு சொம்பு தண்ணி கொண்டா. பெரிய சொம்புல."